பட்டம் தவறலாமா?

நம் கரிசல் நாட்டில் 'பட்டம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கல்லூரி மதிலுக்கு உள்ளே அது பி.ஏ., பி.எஸ்ஸி. மதிலுக்கு வெளியே அது விதைப்புக் காலம். புரட்டாசிப் பட்டம் தவறினால் அந்த ஆண்டு வெள்ளாமையே தவறிற்று என்பது, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரிந்த பாடம். தை மாதத்தில் வானம் கொட்டித் தீர்த்தால் கண்மாய் நிரம்பலாம். விதைக்காத புஞ்சையில் கதிர் வருமா? ஏழை மாணவர்க்கு அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே தோன்றுகின்றன. உதவி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உதவி உண்டு. ஆனால் அது பட்டத்தில் வந்து சேர்வதில்லை. இதுவே என் வழக்கு.

உதவி உண்டா?

உண்டு, பல உண்டு. முதலில் அவற்றை எண்ணிப் பார்ப்பது நன்று. ஏனெனில், 'நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது' என்று விண்ணப்பமே போடாமல் இருப்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்குப் பள்ளிப் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான மைய அரசின் உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். ஆதிதிராவிட மாணவர்க்கு 2021-இல் வகுக்கப்பட்ட விதிப்படி, நம்மைப் போன்ற கலை, அறிவியல் பட்டப்படிப்பு மாணவருக்குக் கட்டணம் நீங்கலாக, வீட்டிலிருந்து வந்து போனால் ஆண்டுக்கு 3,000 ரூபாயும், விடுதியில் தங்கினால் 6,000 ரூபாயும் படிப்புப்படி உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோர்க்கு மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் மாநில அரசின் இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-இல் தொடங்கிற்று. மேல்நிலைத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருப்போர்க்கு மைய அரசு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் வேறு. 5 ஏக்கருக்கு மேற்படாத புஞ்சை உடைய சிறு விவசாயி, விவசாயக் கூலித் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைகளுக்கு 2011-இல் தொடங்கிய உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கல்வி உதவிக்கு இடமுண்டு. நெசவாளர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோரின் நல வாரியங்களிலும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. வாரிய அட்டை வீட்டுப் பெட்டியில் உறங்கிக் கொண்டிருக்க, பிள்ளைக்கு அந்த உதவி தெரியாமலே மூன்றாண்டும் கழிந்துவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இத்தனை கதவுகள் இருந்தும் உள்ளே நுழைவது ஏன் அரிதாயிருக்கிறது? ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தனிச் சாவி. அந்தச் சாவிக்குப் பெயர் சான்றிதழ்.

சலுகையா? உரிமையா?

சான்றிதழைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உதவித்தொகை வாங்குவதை ஏதோ இரந்து பெறுவதாக எண்ணி நாணும் நண்பர்கள் உள்ளனர். வகுப்பில் பெயர் வாசிக்கும்போது தலை குனிகின்றனர். இந்த நாணம் தேவையற்றது.

1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டே அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக் காலம். அந்த உதவியைப் பெற்றவர் பின்னாளில் என்ன செய்தார்? 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராய் அமர்ந்ததும், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944-இல் ஆதிதிராவிட மாணவர்க்கான மைய அரசு உதவித்தொகை தொடங்கிற்று. இன்று நாம் நிரப்பும் விண்ணப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மன்னரின் கொடையாக இருந்ததைச் சட்டமும் விதியும் உடைய உரிமையாக ஆக்கியவர், அந்தக் கொடையால் படித்தவரே. எனவே இது யாரும் இரங்கிப் போடும் பிச்சையன்று. முன்னோர் போராடி நமக்கு எழுதி வைத்த பாத்தியதை.

ஆனால், உரிமையை உரிமையாக உணர வேண்டுமானால் அது காலத்தில் கைக்கு வர வேண்டும். மூன்று ஆண்டுக்கு என்று வரையறுத்த பணம் முடிந்ததும், 1917-இல் இலண்டனில் மேற்கொண்டிருந்த படிப்பைப் பாதியில் விட்டு அம்பேத்கர் தாயகம் திரும்ப நேர்ந்தது. மீண்டும் அங்கே செல்லச் சேமிப்பும் கடனும் சேர்த்து 1920 ஆயிற்று. அத்தகைய அறிஞருக்கே பணம் நின்றபோது படிப்பும் நின்றதென்றால், பரளச்சியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் வரும் முதல் தலைமுறை மாணவன் எம்மாத்திரம்?

நம் தமிழகத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. 1904-இல் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார் ஓர் இளைஞர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகை பறிபோயிற்று, கல்லூரியும் போயிற்று. தந்தை துணிக்கடைக் கணக்கர். கட்டணம் கட்ட வழியில்லை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது. அவர்தாம் கணிதமேதை இராமானுஜன். இடையிலே கழிந்த ஆண்டுகளின் பசிக்கு யார் கணக்கு எழுதுவது? விதி விதியாகவே நடந்துகொண்டது. விதிக்குப் பின்னே இருந்த மனிதரை அது பார்க்கவில்லை.

கரிசலுக்கு ஏது ஆண்டு வருமானம்?

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'பெற்றோரின் ஆண்டு வருமானம்.' மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை அதை ஒரு நொடியில் நிரப்பிவிடுவான். மானாவாரி விவசாயியின் பிள்ளை என்ன எழுதுவான்?

இந்தப் பக்கத்து விவசாயம் வானத்தோடு ஆடும் சூதாட்டம். ஓர் ஆண்டு பருத்தி வெடித்துச் சிரிக்கும். மறு ஆண்டு செடியோடு கருகும். உளுந்தும் பாசிப்பயறும் அறுவடை நேரத்து மழையில் முளைத்துப் போகும். 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து சேர்ந்தது. எஞ்சியதைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. குதிரைவாலி விளைந்த வீட்டில் ஓர் ஆண்டு மூட்டை இருக்கும், விலை இருக்காது. மறு ஆண்டு விலை இருக்கும், மூட்டை இருக்காது. வெள்ளாமை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். இல்லையேல் திருப்பூருக்கும் கோவைக்கும் பேருந்து ஏறுகிறார்கள். அருப்புக்கோட்டைத் தறி வீடுகளிலும் இதே கதைதான். பாவு கிடைத்த வாரம் கூலி. கிடைக்காத வாரம் கடன். இதில் 'ஆண்டு வருமானம்' என்று எந்த ஆண்டைச் சொல்வது?

இருப்பினும் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, 60 ரூபாய் செலுத்தி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என மூன்று படி ஏறி அது வர வேண்டும். எல்லாம் கணினி வழியே நடக்கிறது, அலைய வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மைதான், ஓரளவு. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும் நாளில் தந்தை ஊரில் இருக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் சரியாக இருக்க வேண்டும். ஆதாருக்கு இணைத்த கைப்பேசி எண் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். கடவு எண் வருவதோ திருப்பூரில் இருக்கும் அண்ணனின் கைப்பேசிக்கு. அவனோ இரவு வேலை முடிந்து உறங்குகிறான். அவன் எழுந்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் காலம் முடிந்துவிடுகிறது. கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் மையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு முறை வந்தால் இரண்டு நாள் கூலி. ஏழ்மையை மெய்ப்பிக்க ஏழை கொடுக்கும் விலை இது.

பெயர் ஒன்று, எழுத்து நாலு

அடுத்த தடை பெயர். தமிழில் 'ழ' என்று ஓர் எழுத்து இருப்பது நமக்குப் பெருமை. ஆங்கிலத்தில் எழுதும்போதோ அது பெரும் தொல்லை. திருச்சுழி என்ற ஊரின் பெயரையே நாலு பலகையில் நாலு விதமாகப் பார்க்கலாம். மனிதர் பெயருக்கும் அதே கதிதான். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக் கூட்டல், ஆதாரில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கிறது. இன்னோரிடத்தில் தந்தையின் முழுப் பெயரே பின்னே நிற்கிறது. நமக்கு அவர் ஒருவரே. கணினிக்கு அவர் மூவர். 'பொருந்தவில்லை' என்று ஒரு சொல்லோடு விண்ணப்பம் திரும்பிவிடுகிறது.

வங்கிக் கணக்கிலும் சூட்சுமம் இருக்கிறது. பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்கு, இரண்டாண்டு வரவு செலவு இல்லாவிட்டால் செயலற்றதாகிவிடும். வயது 18 ஆனதும் புதிதாக ஆவணங்கள் கொடுக்க வேண்டும். அரசின் நேரடிப் பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். 'எனக்குப் பணமே வரவில்லை' என்று ஓராண்டு புலம்பிய ஒரு மாணவியின் பணம், அவளே மறந்துவிட்ட வேறொரு கணக்கில் பத்திரமாகக் கிடந்ததை நூலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாங்கள் கண்டுபிடித்தோம். அந்த ஓராண்டில் அவள் வாங்காத நூல்கள் எத்தனை, உண்ணாத மதிய உணவு எத்தனை என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

சான்று கேட்பது தவறா?

'சான்றே கேட்காவிட்டால் வசதியுள்ளவனும் ஏழை என்று வந்து நிற்பானே' என்று சிலர் வினவலாம். நேர்மையான கேள்விதான். பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காவல் எங்கே நிற்க வேண்டும்?

2023-இல் மைய அரசின் சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்தபோது, பார்வையிட்ட 1,572 கல்வி நிறுவனங்களில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது செயல்படாதவை என்று தெரிவித்தது. அங்கே பெரும் ஓட்டை ஏழையின் வருமானச் சான்றில் இல்லை. நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. வாசலில் நிற்கும் ஏழையை ஒன்பது முறை சோதித்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டால் என்ன பயன்?

மேலும், நம்மிடம் கேட்கும் செய்திகளில் பெரும்பகுதி அரசிடமே உள்ளன. குடும்ப அட்டை அரசுடையது. பட்டாப் பதிவு அரசுடையது. சாதிச் சான்று அரசு கொடுத்தது. பள்ளியில் படித்த ஆண்டுகள் கல்வித் துறையின் கணினியில் இருக்கின்றன. ஒரு துறை மற்றொரு துறையைக் கேட்க வேண்டியதை, மாணவன் பேருந்தேறித் தூக்கிச் சுமக்கிறான்.

சத்துணவுக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் மதிய உணவைப் பரப்பினார். 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக அதை விரித்தார். அங்கே தட்டை நீட்டும் பிள்ளையிடம் எவரும் வருமானச் சான்று கேட்பதில்லை. முக்கியமாக, சோறு மதியத்தில் வருகிறது. பசிக்கும் வேளையில் வருகிறது. பங்குனி மாதத்தில் 'இதோ உன் ஓராண்டுச் சோறு' என்று மொத்தமாகக் கொட்டியிருந்தால், பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருப்பார்கள்? கல்லூரி உதவித்தொகைக்கும் இந்த நியாயம் பொருந்தாதா? சேர்க்கைக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் வகுப்பிலே காலி இருக்கைகள் தோன்றுகின்றன. துணி, நூல், தேர்வுக் கட்டணம், பேருந்து என்று செலவு முதலில் வந்து நிற்கிறது. உதவி கடைசியில் வருகிறது. இடையில் ஒருவன் மில் வேலைக்குப் போய்விடுகிறான். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடமை. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை முதல்வர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, கையைப் பிடித்து எழுத வைக்கும் உதவி. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவது போதாது. அமெரிக்காவிலும் கல்லூரி உதவி கேட்போர் நிரப்ப வேண்டிய மைய அரசு விண்ணப்பம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளோடு ஏழைகளை விரட்டி வந்தது. அங்கே ஆராய்ச்சியாளர் சிலர், வருமான வரிக் கணக்கு எழுதும் நிலையங்களுக்கு வந்த எளிய குடும்பங்களுக்கு அங்கேயே உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தனர். 2012-இல் முடிவு வெளியாயிற்று. அவ்வாறு உதவி பெற்ற பள்ளி இறுதி மாணவரில் தொடர்ந்து ஈராண்டு கல்லூரியில் பயின்றோர் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தனர். வெறும் தகவல் மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்களிடம் மாற்றம் ஏதும் காணப்படவில்லை. இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்? 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இந்நாட்டுக் கல்லூரிகளில் உள்ளது. மரம் நடுவதும் கோயில் வளாகம் கூட்டுவதும் நல்ல பணிகளே. அவற்றோடு, சேர்க்கை மாதத்தில் மூத்த மாணவர் பத்துப் பேர் ஒரு மேசை போட்டு அமர்ந்து, புதியவர்களின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதையும் நலப்பணியாகக் கொள்ளலாமே!

இரண்டாவது, சேர்க்கை நாட்களிலேயே கல்லூரி வளாகத்தில் ஒரு முகாம். வருவாய்த் துறை, வங்கி, ஆதார் திருத்தம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் இருந்தால், ஆறு நாள் கூலி மிச்சம். மாவட்ட ஆட்சியருக்குக் கல்லூரி ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது, ஒரு முன்பண நிதி. முன்னாள் மாணவரும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்து ஒரு சிறு தொகை திரட்டட்டும். தேர்வுக் கட்டணத்துக்கும் நூலுக்கும் முன்னதாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறலாம். விதைநெல்லைக் கடனாகக் கொடுத்து அறுப்பில் வாங்கும் வழக்கம் அறிந்த நமக்கு இது புதிதன்று.

நான்காவது, தள்ளுபடியாகும் விண்ணப்பத்துக்குக் காரணம் தெளிவான தமிழில் தெரிவிக்கப்பட வேண்டும். 'பிழை' என்ற ஒரு சொல் போதாது. எந்த எழுத்துப் பிழை, யாரிடம் திருத்த வேண்டும், எந்த நாளுக்குள் என்று மூன்று வரி எழுதினால் ஒருவன் படிப்புத் தப்பும். அதுபோலவே, உதவி பெறுவோர் பெயரை வகுப்பில் எழுப்பி வாசிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டு இக்கல்லூரிக்குள் காலடி வைக்கப்போகும் தம்பி தங்கையருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு சொல். மேல்நிலைத் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நாட்களில் ஐந்து காரியம் செய்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வீட்டிலேயே இருக்கட்டும். வங்கிக்குப் போய்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைப்பு அதே கணக்கில்தானா என்று கேளுங்கள். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் கூட்டம் சேருமுன் விண்ணப்பியுங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ நல வாரிய அட்டை இருந்தால் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

மழை நம் கையில் இல்லை. உழவும் விதையும் நம் கையில் இருக்கின்றன. கோடையிலேயே புஞ்சையை உழுது போட்டு வைப்பவன்தான் முதல் மழையில் விதைக்கிறான்.